செயற்கைக் கால்: நம் வீடுகளில் நிலவும் தவறான எண்ணங்கள்



சர்க்கரை நோயில் ஆறாத புண்ணாலும் சாலை விபத்தாலும் காலை இழந்தவர்கள் நம் மஹல்லாக்களில் இன்று அரிதாக இல்லை. அவர்களுக்குச் செயற்கைக் கால் வாங்கித் தர வசதியுள்ளவர்கள் முன்வருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொடுத்த கால் ஒரு வருடம் கழித்து எங்கே இருக்கிறது என்று பார்த்தால், சில வீடுகளில் அது பீரோ மேலேயோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்கிறது. அவர் பழையபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் காலின் தரம் அல்ல. அதைப் பற்றி அவரும், வீட்டாரும், கொடுத்தவர்களும் மனதில் வைத்திருக்கும் தவறான எண்ணங்கள்தான். அடிக்கடி காதில் விழும் சிலவற்றை எடுத்துக்கொண்டு, உண்மை என்ன என்று பார்ப்போம்.

1. "அல்லாஹ் நாடியது இதுதான், இருப்பதோடு பொறுமையாக இருந்துவிட்டுப் போகட்டும்"

பொறுமை வேறு, முயற்சியைக் கைவிடுவது வேறு. இதற்கு நம் மார்க்கத்திலேயே தெளிவான முன்மாதிரி இருக்கிறது. அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) என்ற ஸஹாபி, இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார். அது ஒத்துக்கொள்ளாமல் துர்நாற்றம் ஏற்பட்டது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்து பொருத்திக்கொள்ளச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் இந்தத் தேவைக்கு அனுமதி கிடைத்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. இழந்த உறுப்புக்கு மாற்று வைத்துக்கொள்வதில் குறை ஏதும் இல்லை. முதலில் வைத்தது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதோடு விட்டுவிடாமல், ஒத்துக்கொள்ளும் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லப்போவது அந்த இரண்டாவது விஷயத்தைத்தான்.

2. "பாவம், காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள்"

அன்பினால் செய்யப்படும் தவறுகளில் இதுவே முதன்மையானது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு, முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட காலின் அடியில் தலையணை வைத்து மடக்கியே வைத்துவிடுகிறோம். பகலில் நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தொங்கவிடுகிறோம். அப்போதைக்கு அவருக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மடங்கியே இருக்கும் மூட்டு, சில வாரங்களில் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். முழங்கால் நேராக நீட்ட வராத ஒருவருக்கு எவ்வளவு நல்ல கால் செய்தாலும் சரியாக நடக்க வராது.

ஆகவே படுக்கும்போது மூட்டு நேராக இருக்க வேண்டும். உட்காரும்போது ஒரு பலகையோ இன்னொரு நாற்காலியோ வைத்து அதன்மேல் காலை நீட்டி வைக்கலாம். தொடைப் பகுதியில் கால் எடுக்கப்பட்டவர், மருத்துவர் அனுமதித்தால், தினமும் சிறிது நேரம் குப்புறப் படுப்பது இடுப்பு மூட்டு இறுகாமல் காக்கும். மீதமுள்ள கால் பகுதியை மருத்துவமனைகளில் 'ஸ்டம்ப்' என்பார்கள். அதற்குக் கிரேப் பேண்டேஜ் சுற்றும் முறையை வீட்டில் ஒருவராவது செவிலியரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கற்றுக்கொள்ள வேண்டும். வீக்கம் வடியவும், ஸ்டம்ப் நல்ல வடிவத்துக்கு வரவும் அது உதவும்.

அளவு எடுப்பது, புண் நன்றாக ஆறி வீக்கம் வடிந்த பிறகுதான். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்; சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கூடலாம். அந்த இடைப்பட்ட வாரங்களைச் சும்மா காத்திருக்கும் காலமாக நினைக்கக் கூடாது. பின்னால் அவர் நடப்பாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

இன்னொரு எச்சரிக்கை. நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில், கால் இல்லை என்பதே மறந்து எழுந்து கீழே விழுந்தவர்கள் பலர். கட்டிலை ஒட்டி வாக்கர் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

3. "செயற்கைக் கால் என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டும்"

ஸ்டம்ப் உள்ளே நுழைந்து உட்காரும் கிண்ணம் போன்ற பகுதிக்குச் 'சாக்கெட்' என்று பெயர். அதற்குக் கீழே ஒரு குழாய், குழாயின் அடியில் பாதம். தொடையில் கால் எடுக்கப்பட்டவர்களுக்கு நடுவில் ஒரு மூட்டும் இருக்கும். இவற்றில் மிக முக்கியமானது சாக்கெட்தான். உடம்பின் எடை முழுவதும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது.

புதிதாக அணிபவருக்கு ஆரம்ப நாட்களில் ஓர் அழுத்தமும் அசௌகரியமும் இருக்கும், அது இயல்பு. அதனால்தான் முதலில் தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் என்று தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டச் சொல்கிறார்கள். ஆனால் குத்தும் வலி, கொப்புளம், தோல் உரிதல், புண் ஆகியவை இயல்பு அல்ல. சாக்கெட் சரியாகப் பொருந்தவில்லை என்பதற்கு அவையே அடையாளம்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. காலைக் கழற்றியதும் ஸ்டம்ப் தோலைச் சுற்றிலும் பாருங்கள். பின்பக்கத்துக்கு ஒரு கைக்கண்ணாடி போதும். எங்காவது சிவந்திருந்தால் இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சிவப்பு மறைந்துவிட்டால் கவலை இல்லை. மறையாமல் அப்படியே இருந்தால், அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். காலை அணியாமல் வைத்துவிட்டு, செய்து கொடுத்த இடத்துக்குப் போய்க் காட்ட வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவருக்கு வலியே தெரியாது என்பதால், அவருக்கு இந்தப் பரிசோதனை தினமும் கட்டாயம்.

4. "ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்"

பீரோ மேலே ஏறும் கால்களில் பெரும்பாலானவை இந்த எண்ணத்தால்தான் அங்கே போகின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே வரும். முதல் மாதத்தில் கச்சிதமாக இருந்த சாக்கெட் ஆறாவது மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். உள்ளே கால் மேலும் கீழும் உரசும், புண் வரும். அவர் 'இது எனக்குச் சரிப்படாது' என்று கழற்றி வைத்துவிடுவார். உண்மையில் தேவைப்பட்டது ஒரு புதிய சாக்கெட் மட்டுமே.

ஒரே நாளுக்குள்ளும் இந்த மாற்றம் நடக்கும். காலையில் சரியாக இருந்தது மாலையில் தளர்ந்துவிடலாம். அதற்காகத்தான் ஸ்டம்ப் உறைகள் தருகிறார்கள். தளர்ந்தால் கூடுதலாக ஓர் உறை போட்டுக்கொள்ளலாம். உடல் எடை கூடினாலும் குறைந்தாலும் பொருத்தம் மாறும்.

பெரியவர்களின் கால் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டியதாகிவிடும். அதற்கு முன்பே பாதமோ பெல்ட்டோ தேயலாம். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் அடிக்கடி, சிலருக்கு வருடம் ஒருமுறைகூட மாற்ற நேரும். செருப்பு வாங்கும்போது பிள்ளையின் கால் வளர்ந்ததைக் கவனிக்கும் நாம், இதையும் அப்படியே கவனிக்க வேண்டும்.

சுத்தமும் இதில் சேரும். இரவில் கழற்றியதும் ஸ்டம்பை மிதமான சோப்பால் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். உறையையும் லைனரையும் தினமும் அலச வேண்டும். ஈரத்தோடு அணிந்தாலும், அணிவதற்கு முன் எண்ணெயோ கிரீமோ தடவினாலும் தோல் ஊறிப் புண்ணாகும்.

5. "விலை கூடிய கால்தான் நல்ல கால்"

லட்சக்கணக்கில் விலையுள்ள கால்களும் இருக்கின்றன. ஓடுபவருக்கும், நாள் முழுக்க வெளியே நடந்து வேலை செய்பவருக்கும் அவற்றில் பயன் இருக்கலாம். ஆனால் நமக்கு எது நல்லது என்பது நாம் எப்படி வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஜெய்ப்பூர் கால் பிறந்த கதையே இதற்குச் சான்று. வெளிநாட்டு முறையில் செய்த பாதங்கள், ஷூ போட்டு நாற்காலியில் உட்காருபவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. தரையில் உட்கார்ந்து, குந்தி, வெறுங்காலில் நடக்கும் நம் மக்களுக்கு அவை ஒத்துவரவில்லை. 1968-ஆம் ஆண்டு வாக்கில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். அதற்கு ஷூ தேவையில்லை, வளையும், தண்ணீரில் நனையலாம். 1975-இல் அதே ஊரில் தொடங்கப்பட்ட ஒரு தொண்டு நிறுவனம் அதை ஏழைகளுக்கு இலவசமாகப் பொருத்தத் தொடங்கியது. விலை குறைந்த அந்தக் கால் பிறகு பல நாடுகளுக்கும் போனது.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல செயற்கைப் பாதங்கள் ஷூவின் குதிகால் உயரத்தைக் கணக்கில் வைத்துப் பொருத்தப்படுகின்றன. ஷூவைக் கழற்றினால் உடம்பு பின்பக்கமாகச் சாயும், நிலை தடுமாறும். நாமோ வீட்டுக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் வெறுங்காலோடு இருப்பவர்கள். ஆகவே அளவு எடுக்கும்போதே, 'நான் வெறுங்காலில் நடப்பேன், பள்ளிவாசலுக்குப் போவேன், தரையில் உட்காருவேன்' என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். அதற்குத் தக்க பாதத்தைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது அவர்கள் வேலை. சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது.

6. "இல்லாத கால் எப்படி வலிக்கும்? மனப்பிரமை, இல்லை வேறு ஏதோ தீண்டல்"

எடுக்கப்பட்ட காலின் விரல் அரிக்கிறது, பாதம் எரிகிறது, முறுக்குகிறது என்று அவர் சொல்லும்போது வீட்டார் பயந்துவிடுகிறார்கள். சிலர் ஓதிப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். துஆ எப்போதும் நல்லதுதான். ஆனால் இது மருத்துவ உலகம் நன்கு அறிந்த வலி. உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு அளவில் இது வருகிறது. கால் போனாலும், அந்தக் காலுக்கென்று மூளையில் இருந்த இடம் போய்விடவில்லை. துண்டான நரம்புகளும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

இதற்கு மாத்திரைகள் உண்டு. கண்ணாடி வைத்துச் செய்யும் ஒரு பயிற்சியும் உண்டு. இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை அசைப்பார்கள். இழந்த கால் அசைவது போல மூளைக்குத் தோன்றும். சிலருக்கு வலி குறையும். 1990-களில் இந்த முறையை அறிமுகப்படுத்திய நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

ஆகவே 'சும்மா சொல்லாதீங்க வாப்பா' என்று அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். அவருக்கு வலிப்பது உண்மை. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

7. "இந்தக் காலோடு எப்படி ஒளு செய்வது, எப்படித் தொழுவது?"

இந்தத் தயக்கத்தாலேயே ஜமாஅத் தொழுகையை விட்டவர்கள் இருக்கிறார்கள். பொதுவான சட்டம் எளிமையானது. கணுக்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டிருந்தால், ஒளுவில் அந்தக் காலைக் கழுவும் கடமை நீங்கிவிடுகிறது. செயற்கைக் காலைக் கழுவ வேண்டியதில்லை. ஒளுவுக்காகக் கழற்ற வேண்டியதும் இல்லை. பாதத்தின் ஒரு பகுதியோ கணுக்காலோ மிச்சமிருந்தால், அந்தப் பகுதியைக் கழுவ வேண்டும். குளிப்பு கடமையானால் கழற்றிவிட்டுத்தான் குளிக்க வேண்டும். செயற்கைப் பாதத்தில் அசுத்தம் பட்டிருந்தால் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். புண், கட்டு, மஸ்ஹு போன்ற நிலைகளில் மத்ஹபுக்கு மத்ஹபு விளக்கம் வேறுபடும். அதை உங்கள் ஊர் ஆலிமிடம் ஒருமுறை நேரில் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நாம் அனைவரும் அறிந்த சலுகை. முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களில் பலர் பயிற்சிக்குப் பிறகு நின்று, ருகூஉ செய்து, ஸுஜூதுக்கும் போகிறார்கள். இருப்பில் பாதத்தை மடக்குவது மட்டும் சிரமம், இயன்றபடி உட்காரலாம். தொடைப் பகுதியில் இழந்தவருக்குத் தரைக்கு இறங்கி எழுவது கடினம் என்பதால் நாற்காலி தேவைப்படலாம். ஸப்பின் ஓரத்தில் அவருக்கு ஓர் இடம் எப்போதும் இருக்கட்டும். 'நல்லாத்தானே நடந்து வந்தார், ஏன் நாற்காலி?' என்ற கேள்வியை யாரும் கேட்க வேண்டாம். நடப்பது வேறு, தரையிலிருந்து எழுவது வேறு. நடப்பதற்கே அவர் நம்மைவிடக் கூடுதலாகச் சக்தி செலவழிக்கிறார். தொடைப் பகுதியில் இழந்தவருக்கு அது இன்னும் அதிகம்.

8. "பொம்பளைப் பிள்ளை, வீட்டுக்குள் இருப்பவள்தானே, அவளுக்கு எதற்கு?"

வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் நாள் முழுக்க வேலை இருக்கிறது. அடுப்படியில் நிற்க, பிள்ளையைத் தூக்க, யாரையும் எதிர்பார்க்காமல் கழிப்பறைக்குப் போக அவருக்கும் கால் வேண்டும். படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் இருக்கின்றன.

அளவு எடுப்பவர் ஆணாக இருப்பாரே என்ற கூச்சத்தால் பல பெண்கள் முதல் தடவையோடு போவதை நிறுத்திவிடுகிறார்கள். பெண் டெக்னீஷியன் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்கலாம். இல்லாவிட்டால் உம்மாவோ சகோதரியோ கணவரோ கூடவே இருக்கலாம். தேவையான பகுதி மட்டும் தெரியும்படி துணி போர்த்திக்கொள்ளலாம். மருத்துவத் தேவைக்கு மார்க்கத்தில் இடம் உண்டு. நடைமுறையில் இன்னொன்று: புர்காவின் நீளம் செயற்கைப் பாதத்தில் மாட்டாதபடி சற்று உயர்த்தித் தைத்துக்கொள்ளுங்கள். படியில் ஏறும்போது அந்தத் துணி தடுக்கினால் பாதத்துக்கு உணர்ச்சி இல்லாததால் தெரியாது.

9. "ஒரு கால்தான் போயிற்று, இன்னொரு கால் நன்றாக இருக்கிறதே"

சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவருக்கு இதைவிட ஆபத்தான எண்ணம் இல்லை. முதல் காலைக் கெடுத்த அதே நோய் இரண்டாவது காலிலும் இருக்கிறது. இப்போது அந்தக் கால் முன்பைவிட அதிகச் சுமை தாங்குகிறது. தினமும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். ஒளு செய்தபின் விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம், பிளேடால் ஆணி வெட்டுதல், வெயில் நேரத்தில் வெறுங்காலோடு தெருவில் நடத்தல் ஆகியவை கூடாது. சிறு கொப்புளமானாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகைபிடிப்பவராக இருந்தால் அதை விட்டுவிடுவதே மீதமுள்ள காலுக்குச் செய்யும் பெரிய உதவி.

எங்கே போவது?

சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால்கள் செய்து பொருத்துகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் தனி மறுவாழ்வுப் பிரிவு உண்டு. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். தமிழக அரசு அந்தத் துறை வழியாகவே இலவசக் கால்களை வழங்குகிறது. மத்திய அரசின் அடிப் திட்டத்தில் கான்பூரின் அலிம்கோ நிறுவனம் மூலமும் உபகரணங்கள் கிடைக்கின்றன. அதற்கு வருமான வரம்பு உண்டு.

எதற்கும் முதலில் தேவைப்படுவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அரசு மருத்துவரின் சான்று பெற்று, நாடு முழுவதும் செல்லும் யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலைகளில் 4 சதவீத இடஒதுக்கீடு உட்படப் பல உரிமைகள் உண்டு. இந்த அட்டையை வாங்கத் தயங்குவது, நம் உரிமையை நாமே விட்டுக்கொடுப்பது.

கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

கால் வாங்கித் தருவது நல்ல அமல். ஆனால் கொடுத்த அன்று எடுக்கும் புகைப்படத்தோடு அந்த அமல் முடிந்துவிடவில்லை. சதகா கொடுக்க நினைப்பவர்கள் காலின் விலையோடு சேர்த்து நடைப் பயிற்சிக்கும், போய்வர வண்டிச் செலவுக்கும், ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டிய சாக்கெட்டுக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். விலை கூடிய காலை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மறப்பதைவிட, எளிய காலைக் கொடுத்து இரண்டு வருடம் கூடவே வருவது மேல்.

பள்ளிவாசல் நிர்வாகிகள் செய்யக்கூடியவையும் உண்டு. ஒளு செய்யும் இடத்தில் உயரமான இருக்கை ஒன்று, சுவரில் கைப்பிடி, வாசலில் ஒரு சாய்தளம், ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை. இவற்றால் காலை இழந்தவர்கள் மட்டுமல்ல, முட்டி வலியுள்ள நம் பெரியவர்கள் எல்லோரும் பயனடைவார்கள்.

உங்கள் தெருவில் காலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்த ஜும்ஆ முடிந்ததும் அவரைப் போய்ப் பாருங்கள். 'ஏன் போடுவதில்லை?' என்று அதட்டாமல், 'எங்கே குத்துகிறது?' என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் சாக்கெட்டில் இருக்கும்; அதைச் சரிசெய்ய வழியும் இருக்கும். அவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வர உங்களுக்கு அரை நாள் ஆகலாம்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு நிறைவான சுகத்தையும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு நற்கூலியையும் தருவானாக. ஆமீன்.